கதிர்வீச்சு தொடங்கும் முன்: உடல் உபாதையையும் மனப் பதற்றத்தையும் கையாளும் வழிகள்

கதிர்வீச்சு சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளுக்கும், அந்த இயந்திரத்தின் அடியில் முதன்முறையாகப் படுக்கும் நாளுக்கும் இடையில் பெரும்பாலும் ஓரிரு வாரங்களாவது கழிகின்றன. சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதால் அந்த நாட்களை வெறும் காத்திருப்பு என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அறுவை சிகிச்சையின் தழும்பு இழுக்கிறது, கட்டி அழுத்தும் இடம் வலிக்கிறது, கீமோதெரபி விட்டுச் சென்ற களைப்பு தீரவில்லை, இரவில் உறக்கம் பிடிக்கவில்லை. இவற்றோடுதான் அந்த நாட்கள் நகர்கின்றன. வலி இருக்கும் இரவில் பயம் பெருகுகிறது. பயந்த உடல் தசைகளை இறுக்கிக்கொள்வதால் வலியும் கூடுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும், அதையும் சிகிச்சை தொடங்கும் முன்பே செய்ய வேண்டும்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகியும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. திட்டமிடும் ஸ்கேன் எடுத்த அன்று இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, பிடிகளைப் பற்றிக்கொண்டு அரைமணி நேரம் படுத்திருந்தார். தோள் பிய்ந்துவிடும் போல வலித்திருக்கிறது. “எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், அவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்” என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். அன்று படுத்த அதே நிலையில்தான் அடுத்த 15 நாட்களும் படுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை, உடன் சென்ற எனக்கும் தெரியவில்லை. சிகிச்சையின் மூன்றாம் நாள் மேசையிலேயே கண்ணீர் வழிந்தபோதுதான் டெக்னீஷியன் பெண் கவனித்து, “முன்னாடியே சொல்லியிருந்தால் கையை வேறு மாதிரி வைத்துப் பார்த்திருப்போமே, அம்மா” என்றார். அதன் பிறகு, கிளம்புவதற்கு முன் ஒரு வலி மாத்திரையும், படுக்கும் நிலை கலையாதபடி கைக்கு ஒரு சிறு தாங்கலும் கொடுத்துச் சமாளித்தார்கள். நிலையையே மாற்ற வேண்டுமானால் மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு, மறுபடி சில நாட்கள் தாமதம்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இது: உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறதோ அதை, திட்டமிடும் ஸ்கேனுக்காக மேசையில் ஏறும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

திட்டமிடும் நாளை முதல் நாளாக எண்ணுங்கள்

மருத்துவமனையில் இதைச் ‘சிமுலேஷன்’ என்றோ ‘பிளானிங் ஸ்கேன்’ என்றோ சொல்வார்கள். நோயைக் கண்டுபிடிப்பது இந்த ஸ்கேனின் வேலை அன்று. நோய் எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரிந்துவிட்டது. கதிர் எந்தத் திசையிலிருந்து, எந்த இடத்தில், எவ்வளவு விழ வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கான வரைபடம்தான் அன்று எடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கு சில மில்லிமீட்டர் பிசகினாலும் பொருந்தாமல் போகலாம் என்பதால், அன்று நீங்கள் படுக்கும் விதம், தலையின் சாய்வு, முழங்காலுக்கு அடியில் வைத்த தாங்கல் வரை அனைத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். தோலில் மையால் கோடு போடுவார்கள், அல்லது ஊசிமுனை அளவுக்குப் பச்சை குத்திப் புள்ளி வைப்பார்கள். உடலின் வடிவத்துக்கு ஏற்ப இறுகும் காற்று மெத்தையோ, தலைக்கும் கழுத்துக்கும் மாஸ்க்கோ செய்வதும் அன்றுதான்.

வீட்டிலேயே ஒரு ஒத்திகை பார்த்துவிட்டுப் போவது மிகவும் உதவும். எந்த நிலையில் படுக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் மெல்லிய விரிப்பு ஒன்றைப் போட்டு, அதே நிலையில் 20 நிமிடம் அசையாமல் படுத்துப் பாருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் முதுகு வலிக்கத் தொடங்குகிறது, எந்த இடம் மரத்துப்போகிறது, இருமல் வருகிறதா, மூச்சு முட்டுகிறதா, சிறுநீரை அடக்க முடிகிறதா என்று பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். “முதுகு வலிக்கும்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “மல்லாந்து படுத்தால் எட்டாவது நிமிடத்தில் இடுப்புக்கு இடப்பக்கம் குத்த ஆரம்பிக்கிறது, முழங்காலை மடக்கினால் குறைகிறது” என்று சொன்னால், அதற்கு என்ன செய்யலாம் என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிடும். முதுகெலும்பிலோ இடுப்பெலும்பிலோ நோய் பரவியிருப்பவர்களும், தட்டையாகப் படுத்தால் மூச்சுத் திணறுபவர்களும் இந்த ஒத்திகையைத் தரையில் செய்ய வேண்டாம். கட்டிலில் எவ்வளவு நேரம் எப்படிப் படுக்க முடிகிறது என்று பார்த்தால் போதும்.

வலியைத் தவிர வேறு சில விஷயங்களையும் அன்றைக்கு முன்பே தெரிவித்தாக வேண்டும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் அல்லது அதுபோன்ற கருவி பொருத்தியிருப்பது, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருப்பது, முன்பு எப்போதாவது கதிர்வீச்சு எடுத்திருப்பது, ஸ்கேனுக்குச் செலுத்தும் மருந்தால் ஒவ்வாமை வந்திருப்பது, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய்க்கு உட்கொள்ளும் மாத்திரைகள், மூடிய இடத்தில் இருந்தால் வரும் பயம் ஆகிய எதையும் அவர்களாகக் கேட்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், கருமுட்டையையோ விந்தணுவையோ சேமித்து வைக்க முடியுமா என்று கேட்பதற்கான நேரமும் சிகிச்சைக்கு முந்தைய இந்த நாட்களே.

வலியை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டாம்

“கதிர்வீச்சு ஆரம்பித்தால் வலி தானாகப் போய்விடும், அதுவரை பொறுத்துக்கொள்வோம்” என்று சிலர் நினைக்கிறார்கள். எலும்பில் பரவிய நோயால் வரும் வலியைக் கதிர்வீச்சு நன்றாகவே குறைக்கிறது. அதற்காக ஒரே நாளில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கொடுத்து முடிக்கும் முறையும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நிவாரணம் உடனே கிடைப்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தெரிய ஆரம்பிக்கும், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். முதல் சில நாட்களில் வலி சற்றுக் கூடுவதும் உண்டு. எனவே இன்றைய வலிக்கு இன்றே மருந்து வேண்டும்.

ஒரு சிறு நோட்டில் காலை, மதியம், இரவு என்று வலியின் அளவை 0 முதல் 10 வரை எண்ணாக எழுதுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குறைந்தது என்பதையும் அருகிலேயே குறியுங்கள். நான்கைந்து நாட்கள் எழுதியதும், மருந்து போதவில்லையா, இடைவெளி அதிகமா, இரவு மருந்து விடியும் முன்பே தீர்ந்துவிடுகிறதா என்பது மருத்துவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வலி எப்போதும் இருப்பவர்கள், அது உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல் மணிப்படி மருந்து எடுத்துக்கொள்வதே சரி. ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும். ஸ்கேன் மேசை மெத்தை இல்லாத கெட்டியான பலகை என்பதால், அதில் படுப்பதற்கு முன் போடுவதற்கென்றே கூடுதலாக ஒரு வேளை மருந்து வேண்டுமா என்றும் கேளுங்கள். வாய்வழி எடுக்கும் விரைவாகச் செயல்படும் மார்ஃபினுக்கு வேலை செய்யச் சுமார் அரைமணி நேரம் பிடிக்கும். வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு விழுங்கினால் பயனில்லை.

மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் எல்லோருடைய முகமும் மாறிவிடுகிறது. கடைசிக் கட்டத்தில்தான் அதைக் கொடுப்பார்கள் என்பது தவறான எண்ணம். வலியின் அளவைப் பார்த்துத்தான் அது கொடுக்கப்படுகிறது, வலி குறைந்ததும் மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும் முடிகிறது. மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில், வலிக்காக எடுத்துக்கொள்பவர்கள் அடிமையாகிவிடுவோமோ என்று அஞ்சி அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. உண்மையில் அஞ்ச வேண்டியது மலச்சிக்கலுக்கு. முதல் சில நாட்களில் வரும் தூக்கக் கலக்கம் பெரும்பாலும் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. ஆகவே அந்த மருந்தைத் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரைகளைப் பொறுத்தவரை, கீமோதெரபியும் எடுப்பவர்களுக்கு அவை காய்ச்சலை மறைத்துவிடலாம், சில வகைகள் சிறுநீரகத்தையும் இரத்தம் உறைவதையும் பாதிக்கலாம் என்பதால் கேட்காமல் போடக் கூடாது.

இறுகிய தசைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் இதமளிக்கும். உணர்ச்சி மரத்த இடத்திலும், அறுவைக் காயத்தின் மேலும் அதைச் செய்யக் கூடாது. கதிர்வீச்சு தொடங்கிய பிறகு கதிர் படும் தோலில் சூடும் வேண்டாம், ஐஸ் ஒத்தடமும் வேண்டாம். மார்பக அறுவை முடிந்தவர்கள், பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் தோள் பயிற்சியைத் திட்டமிடும் நாளுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறும் அந்த எளிய பயிற்சியை நாளுக்கு மூன்று முறை விடாமல் செய்தாலே, கை கொஞ்சம் கொஞ்சமாக உயர்வதைச் சுவரில் பென்சிலால் குறித்துப் பார்க்கலாம். என் அக்கா அதைத் தாமதமாகத்தான் ஆரம்பித்தார்.

மற்ற உபாதைகள்

மூச்சு வாங்குபவர்கள் மேசை மேல் தலையணையை வைத்து முன்புறம் சாய்ந்து உட்கார்வதும், சிறு மின்விசிறியின் காற்று முகத்தில் படும்படி வைத்துக்கொள்வதும் உடனடி ஆறுதல் தரும். ஸ்கேனின்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள்; பல சமயங்களில் முடியும். குமட்டல் இருந்தால், அதற்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு எவ்வளவு நேரம் முன்பு போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடிவயிற்றுப் பகுதிக்குச் சிகிச்சை எடுப்பவர்களிடம், குறிப்பாக புராஸ்டேட், கருப்பைவாய் போன்ற இடங்களுக்கு எடுப்பவர்களிடம், இத்தனை குவளை தண்ணீர் குடித்து இத்தனை நேரம் சிறுநீரை அடக்கி வர வேண்டும் என்று சொல்லக்கூடும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலைக் கதிரின் பாதையிலிருந்து மேலே தள்ளி வைக்கிறது, உறுப்புகளும் தினமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதையும் வீட்டில் நான்கு நாட்கள் பழகிப் பாருங்கள். அடக்கவே முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் முன்பே சொல்லுங்கள். உங்களால் தினமும் முடிகிற அளவை வைத்துத் திட்டம் போட்டுக்கொள்வார்கள்.

வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுப்பவர்கள் பல் மருத்துவரைப் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. கதிர் பட்ட தாடையெலும்பில் பிற்பாடு பல்லைப் பிடுங்கினால் அந்தக் காயம் ஆறாமல் எலும்பே கெட்டுப்போகும் அபாயம் உண்டு. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிட்டு, புண் ஆறுவதற்கு இரண்டு வாரமாவது இடைவெளி விட முயல்வார்கள். இவர்களுக்கு உணவும் முக்கியம். விழுங்கச் சிரமப்பட்டு உடல் இளைத்துவிட்டால், செய்து வைத்த மாஸ்க் தளர்ந்துபோகும்; தளர்ந்த மாஸ்க்குக்குள் தலை அசையும் என்பதால் புதிதாகச் செய்ய நேரிடலாம். இப்போதே உணவியல் நிபுணரைப் பார்த்து, மென்மையான, புரதமும் மாவும் கொழுப்பும் நிறைந்த உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளை உண்ணப் பழகுங்கள்.

புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கதிர்வீச்சு நன்றாக வேலை செய்ய, கட்டிக்கு ஆக்சிஜன் சென்றடைய வேண்டும். புகை அதைக் குறைக்கிறது. நிறுத்துவது கடினம் என்பது மருத்துவருக்கும் தெரியும், அதற்கான மாத்திரையும் ஒட்டுப்பட்டையும் இருக்கின்றன. அதேபோல, உடலைத் தேற்றுவதாகச் சொல்லி அதிக அளவு வைட்டமின் மாத்திரைகளையோ மூலிகைப் பொடிகளையோ மருத்துவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘கரண்ட் வைப்பது’ என்ற சொல்லும் அதன் பயமும்

கதிர்வீச்சு சிகிச்சையைப் பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லே பாதிப் பயத்தை உண்டாக்கிவிடுகிறது. ஷாக் அடிக்குமோ, சுடுமோ, உள்ளே எரியுமோ என்று மனம் தானாகக் கற்பனை செய்கிறது. கரண்ட் எதுவும் உங்கள் உடலில் பாய்வதில்லை. 1895-ல் ரோண்ட்ஜென் கண்டுபிடித்த எக்ஸ்-ரேயை அடுத்த ஆண்டே மருத்துவர்கள் புற்றுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் இயந்திரம் தருவதும், அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட எக்ஸ்-ரேதான். கதிர் பாயும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை, சுடுவதில்லை, வலிப்பதில்லை. இயந்திரம் உங்களைச் சுற்றி வரும், தொடாது. ரீங்காரம் போன்ற ஓசையும் டிக் டிக் என்ற சத்தமும் கேட்கும்.

கதிர் பாயும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களே. படுக்க வைத்துச் சரியான இடத்தில் பொருத்துவதற்குத்தான் கூடுதல் நேரம் ஆகிறது. இரண்டும் சேர்ந்து பொதுவாக 15 முதல் 30 நிமிடம். அந்தச் சில நிமிடங்கள் அறையில் நீங்கள் தனியாக இருப்பீர்கள், ஆனால் கேமரா வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மைக்கில் பேசலாம். கஷ்டமாக இருந்தால் கையைத் தூக்கினாலே இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். நிறுத்தினால் எல்லாம் கெட்டுவிடுமோ என்று தயங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு உங்கள் உடலில் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம், அதே பாத்திரத்தில் உண்ணலாம், பக்கத்தில் படுத்து உறங்கலாம். உடலுக்குள் கதிரியக்கப் பொருளை நிரந்தரமாகப் பதிக்கும் முறைக்கும், தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடினுக்கும் சில காலம் தனி விதிமுறைகள் உண்டு. அவற்றை உங்களுக்கு எழுதியே கொடுப்பார்கள். முடி கொட்டுவதும் கதிர் படும் இடத்தில் மட்டும்தான். மார்பகத்துக்கு எடுப்பவரின் தலைமுடியைக் கதிர்வீச்சு தொடாது. தோல் சிவப்பதும் களைப்பும் முதல் நாளே வருவதில்லை; பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் மெல்லத் தலைகாட்டும், அப்போது அவற்றைக் கவனிக்க ஆட்கள் இருப்பார்கள்.

இன்னொரு பயம் வெளியில் சொல்லப்படாமலே உள்ளே அரிக்கும்: “இப்படிக் காக்க வைக்கிறார்களே, அதற்குள் நோய் வளர்ந்துவிடாதா?” ஸ்கேன் எடுத்த பின், மருத்துவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கதிர் பட வேண்டிய இடத்தையும் படக் கூடாத இதயம், நுரையீரல், தண்டுவடம் போன்றவற்றையும் கோடிட்டு வரைகிறார். மருத்துவ இயற்பியலாளர்கள் கதிரின் கோணங்களையும் அளவையும் கணக்கிடுகிறார்கள். பிறகு அந்தத் திட்டத்தை வேறொருவர் சரிபார்க்கிறார், பல திட்டங்களை இயந்திரத்தில் வெறுமனே ஓட்டியும் பார்க்கிறார்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில் உங்கள் சிகிச்சை வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படியும் மனம் ஆறவில்லை என்றால், “என் நோய்க்கு எத்தனை நாள் தாமதம் பரவாயில்லை?” என்று மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதில், இரவெல்லாம் இணையத்தில் தேடிக் கிடைக்கும் நூறு பதில்களைவிட உங்களுக்குப் பொருந்தும்.

மனதையும் மூச்சையும் பழக்குதல்

பதற்றம் வந்த பிறகு மூச்சுப் பயிற்சியைத் தேடினால் அது கைகொடுக்காது. அமைதியாக இருக்கும் வேளையிலேயே தினமும் இரு முறை, ஐந்து ஐந்து நிமிடம் பழகி, உடலுக்கு அதை அத்துப்படி ஆக்கிவிட வேண்டும். மூக்கால் நான்கு எண்ணும் வரை மெல்ல உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். வெளிவிடும் நேரம் நீண்டிருப்பதுதான் இதில் முக்கியம். ஆழமாக, மார்பு விம்ம இழுக்கத் தேவையில்லை. சிகிச்சை மேசையில் பெருமூச்சு விட்டால் மார்பும் வயிறும் ஏறி இறங்கி இடம் மாறிவிடும் என்பதால் மென்மையான மூச்சே நல்லது. இடப்பக்க மார்பகத்துக்குச் சிகிச்சை எடுக்கும் சிலரை, இதயம் கதிரிலிருந்து விலகி நிற்பதற்காக மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். அவர்கள் அங்கே கற்றுத்தரும் முறையையே வீட்டிலும் பழக வேண்டும்.

படுக்கப் போகும் முன் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் செய்யலாம். கால் விரல்களை ஐந்து விநாடி இறுக்கி, பிறகு அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்து கெண்டைக்கால், தொடை, கை விரல்கள், தோள், முகம் என்று ஒவ்வொன்றாக மேலே வர வேண்டும். வலிக்கும் இடத்தையும் தையல் உள்ள இடத்தையும் விட்டுவிடுங்கள். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசம் பழகிவிட்டால், மேசையில் படுக்கும்போது தாடையையும் தோளையும் தெரியாமலே இறுக்கிக்கொண்டிருப்பது உங்களுக்கே பிடிபடும்.

அசையாமல் இருக்க வேண்டிய அந்த நிமிடங்களில் மனதுக்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். மனப்பாடமான பாடல் ஒன்று, பிரார்த்தனை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வருவது, சிறுவயதில் பள்ளிக்கு நடந்த வழியை ஒவ்வொரு திருப்பமாக நினைத்துப் பார்ப்பது, இவற்றில் உங்களுக்கு ஒத்துவருவதை இப்போதே தேர்ந்தெடுத்து, வீட்டு ஒத்திகையின்போதே அதைப் பயன்படுத்திப் பாருங்கள். என் அக்கா பாடல்களைத்தான் எண்ணினார். அவருக்கு மூன்றாவது பாடல் முடியும்போது கதவு திறந்துவிடும்.

இரவில் கவலைகள் சுற்றிச் சுற்றி வருமானால், மாலையில் 20 நிமிடத்தை அதற்கென்று ஒதுக்கி, வருகிற கவலைகளை எல்லாம் எழுதுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை ஒரு பக்கம், வீட்டில் ஏற்பாடு செய்ய வேண்டியவை ஒரு பக்கம், யாராலும் இன்று பதில் சொல்ல முடியாதவை ஒரு பக்கம் என்று பிரியுங்கள். படுக்கையில் அதே கவலை மீண்டும் வந்தால், “இது எழுதியாகிவிட்டது” என்று சொல்லிக்கொள்ள முடியும். மூன்றாம் பக்கம் காலியாகாது, காலியாக வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

தலை, கழுத்துக்கு மாஸ்க் தேவைப்படுபவர்களின் பயம் தனி வகை. அதைச் செய்யும் விதம் தெரிந்திருந்தால் கொஞ்சம் தணியும். ஓட்டைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெந்நீர்த் தொட்டியில் போட்டு இளக்கி எடுப்பார்கள். முகத்தின் மேல் அதை இழுத்துப் படிய வைக்கும்போது, வெதுவெதுப்பான ஈரத்துணியைப் போர்த்தியது போல இருக்கும். நெற்றியையும் மூக்கையும் தாடையையும் விரல்களால் அழுத்தி வடிவம் பிடிப்பார்கள். சில நிமிடங்களில் ஆறி, இறுகி, கெட்டியாகிவிடும். ஓரங்களை மேசையில் கிளிப்பால் பூட்டுவார்கள். பூட்டும் அந்தச் ‘சடக்’ ஓசைதான் பலரைத் திடுக்கிட வைக்கிறது. ஆனால் அந்தக் கிளிப்புகளை வெளியிலிருந்து நொடிகளில் கழற்றிவிடலாம், ஓட்டைகள் வழியாக மூச்சு தாராளமாகச் செல்லும். வீட்டில் மெல்லிய பருத்தித் துணியை முகத்தில் போட்டு முதல் நாள் ஒரு நிமிடம், அடுத்த நாள் இரண்டு நிமிடம் என்று, மேலே சொன்ன மூச்சுப் பயிற்சியோடு நீட்டித்துக்கொண்டே வாருங்கள். எப்போது வேண்டுமானாலும் துணியை எடுக்கலாம் என்பதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண், வாய்ப் பகுதியை வெட்டித் திறந்துவிட முடியுமா, செய்து முடித்த மாஸ்க்கைக் கையில் வாங்கித் தொட்டுப் பார்க்கலாமா, பாட்டு போடுவார்களா என்றும் கேளுங்கள்.

இத்தனைக்கும் அடங்காத பயத்துக்கு மருந்து உண்டு. லோராசெபாம் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், திட்டமிடும் நாளிலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது. அன்று தளர்ந்து படுத்த உடலும் பிறகு தினமும் படுக்கும் உடலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் அல்லவா? அதை எடுத்த நாளில் வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வர வேண்டும். மார்ஃபின் வகை மருந்தும் சேர்ந்திருந்தால் மருத்துவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மன உளைச்சலையும் வலியைப் போலவே 0 முதல் 10 வரை எண்ணால் அளக்கும் முறை புற்றுநோய் மருத்துவமனைகளில் இருக்கிறது. உங்கள் எண் 4 அல்லது அதற்கு மேல் என்றால் அதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லி, மனநல ஆலோசகரைப் பார்க்கக் கேளுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால், அடுத்த சந்திப்புவரை வைத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லி உதவி பெற வேண்டும்.

உடன் இருப்பவர்களுக்கு

“பயப்படாதே, ஒன்றும் ஆகாது” என்று நாம் அன்பாகச் சொல்லும் வார்த்தை, எதிரில் இருப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக “எதை நினைத்தால் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். மருத்துவர் பேசும்போது குறிப்பெடுங்கள். வலியைச் சொல்லத் தயங்குபவர் என்றால், அவருடைய அனுமதியோடு நீங்கள் சொல்லுங்கள். நான் அன்று அந்த ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் தோள் உயராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதை உள்ளே போய்ச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

புதிதாக வந்த கடுமையான முதுகுவலியோடு கால் பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நடக்கும் திறன் பறிபோகலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீமோதெரபி எடுத்துவரும்போது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், மூச்சிழுக்கும்போது சீறும் ஓசை, முகமும் கழுத்தும் வீங்குவது, வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவையும் அப்படியே.

முதல் நாள்

தளர்வான, எளிதில் கழற்றக்கூடிய உடை அணியுங்கள். கதிர் படும் இடத்தில் களிம்பு எதையும் பூசுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், தோலில் போட்ட மை அடையாளங்களைத் தேய்த்துக் கழுவாதீர்கள். வலி மருந்தின் நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் மற்ற நாட்களைவிட அதிக நேரம் எடுக்கும். படம் எடுத்து, திட்டத்தோடு ஒப்பிட்டு, மேசையை இம்மியளவு நகர்த்தி, மீண்டும் படம் எடுப்பார்கள். இயந்திரம் நின்று அறை அமைதியாகிவிட்டால் ஏதோ பழுது என்று எண்ண வேண்டாம், வெளியே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

முடிந்ததும் மேசையிலிருந்து சட்டென்று எழாமல், அவர்கள் அதைக் கீழே இறக்கும்வரை பொறுத்திருங்கள். வீடு வந்ததும் நோட்டை எடுத்து, எந்த இடம் அழுத்தியது, எப்போது மனம் பதறியது, எது உதவியது என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். மறுநாள் மேசையில் ஏறும் முன், அந்த வரிகளை டெக்னீஷியனிடம் படித்துக் காட்டுங்கள்.